ஆட்-ஆன் கார்டு

என் கணவர் இறந்த நான்காவது மாதம் அவருடைய கிரெடிட் கார்டின் வரம்பை வங்கி இரண்டு மடங்காக்கியது. தவறாமல் பணம் கட்டும் ஒழுக்கத்துக்குப் பரிசாம். வாழ்த்துச் செய்தி அவர் போனுக்கு வந்தது. அதே வாரம் என் பெயருக்கு ஒரு கடிதமும் வந்தது. நான் கேட்டிருந்த கார்டைத் தர முடியாது, எனக்குக் கடன் வாங்கித் திருப்பிய வரலாறே இல்லை என்று.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்கு மாதமாக எதுவுமே வரவில்லை, அழுகையும்தான். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. தையல் கடையில் மெஷின் ஊசி விரலில் ஏறியபோதுகூட, ரத்தம் துணியில் படாமல் துடைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தேன்.

அந்த கார்டைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அவர் சொந்த வேன் ஓட்டினார். பதினோரு வருஷத்துக்கு முன் வேன் ஸ்டாண்டில் ஒருவன் தேனொழுகப் பேசி, சூட்கேஸ் இலவசம் என்று ஒரு கார்டை அவர் தலையில் கட்டப் பார்த்தான். இவர் சூட்கேஸைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். ஆண்டுக் கட்டணத்தில் வருஷத்துக்கு ஒரு சூட்கேஸ் வாங்கலாம். அவனை அனுப்பிவிட்டு, கட்டணமே இல்லாமல் டீசலுக்குக் கொஞ்சம் திருப்பித் தரும் கார்டாகப் பார்த்து நானே விண்ணப்பம் நிரப்பினேன். பெயர், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் அவருடையது. எனக்கு அதே கணக்கில் இன்னொரு கார்டு வந்தது.

பதினெட்டாம் தேதி கெடு என்றால் பதின்மூன்றாம் தேதியே முழுத் தொகையும் கட்டிவிடுவேன். ‘குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்’ என்கிற வரியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. கையில் இல்லாத காசுக்குக் கார்டைத் தேய்க்கவும் விட்டதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள் நான். அவர் என்னைக் கஞ்சப் பிசினாறி என்பார், ஆடிட்டர் என்பார். போனில் என் பெயரை மாதத்துக்கு ஒரு தரம் மாற்றி வைப்பாராம். மகள்தான் சொல்லிச் சிரிப்பாள். நான் போய்ப் பார்த்ததில்லை.

அந்த மகளுக்காகத்தான் இப்போது கார்டே. அடுத்த வருஷம் அவள் படிப்புக் கடனுக்கு நான் ஜாமீன் போட வேண்டும். வரலாறு இல்லாதவளின் கையெழுத்தை யாரும் ஏற்கமாட்டார்களாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன். இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டேன். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். சான்றிதழை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“பதினோரு வருஷமா நான்தாம்மா கட்டினேன். ஒரு மாசம் தவறினதில்ல” என்றேன்.

“கட்டினது நீங்கதான். ஆனா மெயின் கார்டு சார் பேர்ல இருக்கு. உங்களோடது ஆட்-ஆன் கார்டு. நல்ல பேரெல்லாம் மெயின் கார்டுக்குத்தான் போகும்.”

இரண்டு கார்டுகளையும் வெட்டிவிடச் சொன்னாள். பையிலிருந்து என் கத்தரியையே எடுத்தேன். சிப்பைக் குறுக்கே வெட்டினேன், அவர் பெயரில் படாமல்.

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். என் சேமிப்பை வைப்பு நிதியாகப் போட்டால் அதன்மேல் சின்ன வரம்பில் ஒரு கார்டு கிடைக்கும். கொஞ்சமாகச் செலவழித்து மாதாமாதம் முழுசாகக் கட்டினால் ஒரு வருஷத்தில் எனக்கென்று ஒரு வரலாறு உண்டாகும். விரலுக்கேற்ற வீக்கம், எனக்குப் பிடித்தது. விண்ணப்பத்தை மளமளவென்று நிரப்பிக் கொடுத்தேன்.

அவள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்றாள்.

மேஜைமேல் என் போன் சும்மா கிடந்தது. பைக்குள் அவர் போன் அதிர்ந்தது. பதினோரு வருஷப் பழக்கம், கை தானாக அவர் நம்பரை எழுதியிருக்கிறது.

“உங்க நம்பர்தாம்மா போடணும்” என்றாள் மெதுவாக.

என் நம்பர் எனக்கு வாய்க்கு வரவில்லை. எந்த விண்ணப்பத்திலும் நான் அதை எழுதியதே இல்லை. அவர் போனைத் திறந்து தேடினேன். என் பெயரில் எதுவும் இல்லை. கஞ்சமும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. கடைசியாக அவர் யாரை அழைத்தார் என்று பார்த்தேன். அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்னைத்தான் அழைத்திருந்தார், ஏதாவது வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று. வெட்டிச் செலவு வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்த அழைப்புக்கு நேரே என் பெயர் இருந்தது. ‘மெயின் கார்டு.’

“கிடைச்சுதாம்மா?”

ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். ஐந்தாவது எண்ணோடு நின்றேன். நான்கு மாதமாக வராதது அந்தக் கவுன்ட்டரில், இத்தனை பேருக்கு முன்னால் வந்தது. அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்ச எண்களையும் சொல்லி முடித்தேன்.