இடது கை நுரை

ஒரு கோப்பையில் இரண்டு கரண்டி இன்ஸ்டன்ட் காப்பித்தூள், இரண்டு கரண்டி சர்க்கரை, நாலு சொட்டுத் தண்ணீர். இதைக் கரண்டியால் அடித்து வெளுக்க வைக்க ஓர் ஆளின் முழுத் தெம்பும் வேண்டும் என்பது லாம்ப்ரோஸுக்கு இத்தனை வயதுவரை தெரியாது. எழுந்தால் நுரை ததும்பும் கோப்பை மேசையில் இருக்கும். குடித்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் நடக்கப் போவார். போன வாரம் மனைவி ஸ்தமாத்தியா பால்கனியில் துணி காயப்போடும்போது வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். அவருடைய சுகவாசம் அதோடு முடிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. கையைப் பார்க்க அவருடைய தங்கை கலிரோயி வருகிறாள். "நுரை என்ன அண்ணி, தண்ணியா இருக்கு" என்று சொல்லும் பாக்கியத்துக்காகவே கவாலா நகரின் மறுகோடியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். கல்யாணமான நாளிலிருந்து ஸ்தமாத்தியா அவளுக்கு அந்தப் பாக்கியத்தைக் கொடுத்ததில்லை. இன்றைக்கும் கொடுப்பதாக இல்லை.

"அடிய்யா நல்லா."

"அடிச்சிக்கிட்டுதானே இருக்கேன்."

"எங்க அடிக்கிறே, பூனைக்குட்டியத் தடவுற மாதிரி தடவுறே. தண்ணிய வேற கொட்டித் தொலைச்சிருக்கே. உன் தங்கச்சி முன்னால இந்தக் கழுநீரை வச்சா நான் செத்துருவேன், சொல்லிட்டேன்."

சொன்னவளின் கண் கலங்கியிருந்தது. லாம்ப்ரோஸுக்குப் பொறுக்கவில்லை. கப்பலில் இன்ஜின் பார்த்த மனுஷன் அவர். உள்ளே போய்த் துளைபோடும் மெஷினை எடுத்துவந்தார். அதன் வாயில் முட்டை அடிக்கும் கம்பியைச் செருகி, கோப்பைக்குள் இறக்கி, விசையை அழுத்தினார்.

பாதி காப்பி சமையலறை முழுக்கப் பறந்தது. இன்னும் கொஞ்சம் தூளும் சர்க்கரையும் போட்டு மறுபடி அடித்தார். இந்த முறை கோப்பையில் நின்றது வெண்ணெய் மாதிரி வெளுத்து, கரண்டியைச் செருகினால் சாயாத நுரை. அழைப்பு மணி அடித்தது. அவர் மெஷினை ரொட்டி சுடும் அடுப்புக்குள் ஒளித்துவிட்டுச் சுவரைத் துடைத்தார்.

கலிரோயி சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு அண்ணி போட்டது?"

"வேற யாரு, நான்தான். இடது கையால."

"அப்ப இனிமே இடது கையாலயே போடுங்க. வலது கையில இவ்ளோ நல்லா வந்ததே இல்ல."

ஸ்தமாத்தியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணவனை ஒரு பார்வை பார்த்தாள். லாம்ப்ரோஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குஷி.

அப்போது மாவுக்கட்டின் மேல் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

மூன்று பேரும் அண்ணாந்தார்கள். விட்டத்தை யாரும் துடைத்திருக்கவில்லை. கலிரோயியின் கோப்பைக்கு நேர் மேலே இன்னொரு சொட்டு மெல்ல மெல்லப் பருத்துக்கொண்டிருந்தது.