சாம்பல் வானத்தில் ஓர் இழை ரோஸ்

கண் ஆபரேஷன் ஆன அண்ணி ஒரு மாதம் தையல் ஊசியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பாதியில் விட்டிருந்த கடல் படத்தை நாமே முடித்துக் கொடுப்போம் என்று நாத்தனார் கேன்வாஸை எடுத்தாள். சாம்பல் வானத்தில் நீளமும் குட்டையுமாகத் தையல். ஒவ்வொன்றிலும் ஓர் இழை ரோஸ் கலந்திருந்தது. பாவம், கண் தெரியாமல் கோத்திருக்கிறாள் என்று எல்லாவற்றையும் பிரித்து, வெறும் சாம்பல் நூலில் ஒரே சீராகத் தைத்து வைத்தாள்.

மாதம் முடிந்ததும் அண்ணி அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“இதுல ரோஸ் இழை இருந்துச்சே?”

“வெளுத்திருக்கும் அண்ணி.” பொய் தானாக வாயில் வந்துவிட்டது.

அண்ணி படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் பிரித்த நூலின் துணுக்குகள் ரோஸாகவே ஒட்டிக்கொண்டிருந்தன.

“விடியிற நேரத்து வானம் இது. ஆறு நூலைக் கலந்து பார்த்துதான் அந்த ரோஸைப் பிடிச்சேன்.”

நாத்தனார் கூனிக்குறுகிப் போனாள். “நான்தான் பிரிச்சேன். உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சிட்டேன்.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

அண்ணியின் குரலில் கோபமில்லை. அதுதான் நாத்தனாரை இன்னும் சுட்டது. தலை நிமிராமல் கத்தரியை எடுத்து, தன் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.