எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வாய் கறி

கிர்கிஸ் கறியில் கிருமி என்று கசாக்குக்காரன் தடை போட்டான். கசாக் கறியிலும் கிருமி என்று நாங்கள் பதிலுக்குத் தடை போட்டோம். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கசாக் ஊரில் கோக்-போரு போட்டி. குதிரைமேல் இருந்தபடியே தலையில்லாத ஆட்டுடலைப் பிடுங்கி எதிரணியின் குழியில் போட வேண்டும். இந்த முறை ஆடு எங்களுடையது. கிளம்பும்போதே என் மனைவி சைக்கால் சொல்லிவிட்டாள்: "செயிச்ச ஆட்டுக்கறி ஒரு வாய் எனக்குக் கொண்டாந்துரு." எட்டு வருஷமாக எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் கறியைத் தின்றால் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

எல்லையில் கசாக் அதிகாரி ஆட்டைத் தட்டிப் பார்த்தான். "கறியா?"

"பந்துங்கய்யா."

சிரிப்பான் என்று நினைத்தேன். 'விளையாட்டுச் சாமான் ஒன்று, முப்பத்தைந்து கிலோ' என்று எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டான்.

செயித்தோம். அங்கேயே வேகவைத்துத் தின்றோம். சைக்காலின் பங்கைத் துணியில் கட்டிக்கொண்டு திரும்பினால், எங்கள் பக்கத்து உணவுச் சோதனை அதிகாரி ஜெனிஷ் எல்லைக் கம்பத்தை இறக்கிவிட்டார். சொந்த ஊர்க்காரர் வேறு.

"கசாக் கறி உள்ள வரக்கூடாது ஓர்மோன்."

"அண்ணே, நம்ம ஆடுண்ணே அது!"

"ஆடு எப்பப்பா போச்சு? போனது விளையாட்டுச் சாமான்னு தாள் சொல்லுது. வர்றது கறி. அப்ப அங்க தயாரிச்சதுதானே?"



கம்பத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் காத்திருந்த சைக்கால் கேட்டாள்: "கறிதானே இங்க வரக்கூடாது? என் தலை அங்க போலாமில்ல?"

தலைத்துணியை இறுக்கிக்கொண்டு, கம்பத்துக்கு மேல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன்.

ஜெனிஷ் பதறிப்போனார். "தலைய எடுத்துராதம்மா! முழுசா முழுங்கிட்டு எடு!"

அவள் நிதானமாக மென்றாள். கண்ணில் நீர் வழிந்தது.

அவள் முழுங்கி நிமிர்ந்ததும் ஜெனிஷ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். 'கறி இல்லை' என்று எழுதினார். பிறகு கம்பத்தின் மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு. அதையும் பிடுங்கப் போறீங்களா?"

"என் மகளுக்கும் கல்யாணமாகி நாலு வருஷமாச்சுப்பா. காலைல கூட்டியாந்துர்றேன். அதுவரைக்கும் நீ இந்தப் பக்கம் வந்துராத. கறி கெட்டுறாம பாத்துக்க."