ஊன்றிய சுண்டுவிரல்

தலையில் இரும்பு வளையத்தை முடுக்கி, மண்டையில் ஓட்டை போட்டு, உள்ளே கம்பியையும் விட்டபிறகு டாக்டர் கேட்டார், "வலி இருக்கா?" ஊரார் தலைக்கெல்லாம் நான் முடி வெட்டினேன், இன்று என் தலையில் இன்னொருத்தர் வேலை பார்க்கிறார் என்று எனக்கு எரிச்சல். "சுகமா இருக்கு" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

எல்லாம் இந்த வலது கையால் வந்த வினை. கத்தியை எடுத்தால் போதும், ஆட ஆரம்பித்துவிடும். மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒன்று இருக்கிறதாம். கையை அசைக்கிற சேதியெல்லாம் அதைத் தொட்டுத்தான் போகுமாம். எனக்கு அங்கே தாளம் தப்பிவிட்டது. அந்த இடத்தில் லேசாகக் கரன்ட் கொடுத்தால் கை அடங்கும். சரியான இடமா என்று சோதிக்கத்தான் என்னை விழிக்க வைத்திருந்தார்கள். கை அடங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். முடி வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது.

நர்ஸ் என் கையில் பேனாவைக் கொடுத்து, முகத்துக்கு நேரே அட்டையைப் பிடித்தாள். "ஒரு சுருள் வரைங்க" என்றார் டாக்டர். வரைந்தேன். கோடு அழகாக வந்தது.

"பிரமாதம். இங்கயே வச்சிடலாம்."

எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம்தான் கையைக் கவனித்தேன். சுண்டுவிரல் அட்டையில் அழுந்தியிருந்தது, முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. வாடிக்கையாளர் கன்னத்தில் இப்படித்தான் விரலை ஊன்றி, நடுக்கத்தை ஒளித்து, வருஷக்கணக்காகப் பிழைப்பை ஓட்டினேன். பாழாய்ப்போன கை டாக்டரையும் ஏமாற்றிவிட்டது.

"நடுக்கம் நிக்கல டாக்டர். நான் முட்டுக் கொடுத்திருக்கேன்." விரலை எடுத்தேன். பேனா அட்டையில் தடதடவென்று அடித்தது.

அவர் கம்பியை நகர்த்திக் கரன்டைக் கூட்டினார். கை அந்தரத்தில் நின்றது, எதிலும் ஊன்றாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். குடிகாரன் மாதிரி நாக்கு குழறியது.

"இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்றார் டாக்டர். "கை முழுசா நிக்கணும்னா பேச்சு குழறும். குறைச்சா பேச்சு வரும், நடுக்கமும் வரும். ரிமோட் தர்றோம், கரன்டை நீங்களே கூட்டிக் குறைச்சுக்கலாம்."

கடைக் கதையை மனைவியிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

இப்போது கடையில் கரன்டைக் கூட்டி வைக்கிறேன். கத்தி சொன்னபடி கேட்கிறது. ஊர்வம்பெல்லாம் அளந்த வாய் மூடிக் கிடக்கிறது. "அண்ணனுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குறைத்துவிடுவேன். நேற்று மனைவி கொடுத்த டீ பாதி என் சட்டையில்தான் விழுந்தது.

"கூட்டித் தொலைங்களேன். எதுக்கு இந்தப் பாடு?"

"கூட்டினா உன்கிட்ட எப்படிப் பேசுறது?"

அவள் டம்ளரை வாங்கி என் வாயருகே பிடித்தாள்.

"சரி, குடிச்சிட்டுச் சொல்லுங்க. இன்னிக்குக் கடைக்கு யார் யார் வந்தாங்க?"