சேற்றுக்கு மூச்சு

எண்ணெய்க் குழாய் வெடித்து நாற்பது நாள் ஆகியும் கழிமுகச் சேறு தார் பூசியதுபோலத்தான் கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் தங்கை வாரம் ஒருமுறை முழங்கால் சேற்றில் இறங்கி, குச்சி நட்ட இடங்களில் மண் எடுத்துப் போவாள். அண்ணன் அங்கே நண்டு பிடித்துப் பிழைத்தவர். இப்போது கரையில் கைகட்டி நின்றார்.

"என்னம்மா சொல்லுது உன் பூச்சிங்க?"

"பூச்சி இல்லண்ணே, பாக்டீரியா. நாம கொண்டுவந்து விடல. இந்தச் சேத்துலயே காலங்காலமா இருக்கிறதுதான். எண்ணெயத் தின்னுது. கொஞ்சம் உரம் தூவி, மண்ணைக் கிளறிவிட்டா இன்னும் வேகமாத் தின்னும்."

"தின்னட்டும். நண்டு எப்ப வரும்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம்."

அண்ணன் சிரித்துவிட்டார். "அதுங்களுக்காவது மூணு வேளையும் சாப்பாடு கிடைக்குதே!"

அந்த வாரம் சோதித்த மண்ணில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கு ஓடினாள்.

"நல்ல விஷயம்தாம்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஆனா வெள்ளிக்கிழமை மேலிடத்துலேருந்து பார்க்க வர்றாங்க. கறுப்பாத் தெரியக்கூடாதாம். மணல் கொட்டி மூடச் சொல்லிட்டாங்க."

"மூடினா காத்துப் போகாது சார். காத்து இல்லாம அதுங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எண்ணெய் வருஷக்கணக்குல அடியிலயே கிடக்கும்."

"புரியுது. எழுதிக் குடு, மேல அனுப்புறேன்."

அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். பதில் வருமுன் லாரிகள் வந்துவிட்டன.

வியாழக்கிழமை அவள் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சேறு மணலுக்கடியில் போயிருந்தது. அவள் நட்ட குச்சிகளைப் பிடுங்கி ஓரமாக எறிந்திருந்தார்கள். மண்வெட்டியோடு மணலை நிரவிக்கொண்டிருந்த பத்துப் பேரில் அண்ணனும் ஒருவர்.

"அண்ணே, என்ன பண்றீங்க? மூடக்கூடாதுன்னு நான் சொன்னேன்ல?"

அவர் நிமிரவில்லை. "சொன்னே. நாப்பது நாளாச்சும்மா நான் வேலைன்னு ஒண்ணு பார்த்து. கூப்பிட்டாங்க, வந்தேன்."

"நீங்க நண்டு பிடிச்ச இடம்ணே இது."

"எனக்குத் தெரியாதா? தள்ளி நில்லு, லாரி பின்னால வருது."

வண்டியை மறித்து நிற்கலாமா என்று நினைத்தாள். மறித்தால் அண்ணனுக்குக் கிடைத்த இந்த வேலையும் போய்விடும். தள்ளி நின்றாள். மூடாமல் இருந்த ஓரத்தில் குனிந்து ஒரு பாட்டில் நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காரைவிட்டு இறங்கவில்லை. இடம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனி மண் எடுக்கப் போக வேண்டாம் என்று அதிகாரி அவளுக்குச் சொல்லியனுப்பினார்.