ஆதிமூலத்தின் நிலாக்கள்

1974 ஆடியில் ஆதிமூலம் தன் மனைவி தனத்தை முதன்முறையாக அறைந்தபோது, அவன் தலையைச் சுற்றி ஒரு நிலா வர ஆரம்பித்தது. எலுமிச்சம்பழ அளவு, சாம்பல் நிறம், அம்மை வடு மாதிரி குழிகள். செங்கம் ரோட்டுக்காரர்கள் வந்து பார்த்து, எடை எவ்வளவு இருக்கும், சுட்டால் வேகுமா என்றெல்லாம் விசாரித்தார்கள். அறை ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அடிக்கு ஒன்று, காரணத்துக்குத் தக்க ரகம் என்பதைத் தனம்தான் முதலில் கண்டுகொண்டாள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று அறைந்ததற்கு உப்புக் கரிக்கும் பனி உருண்டை வந்தது. சோறு லேட் என்றதற்குக் கந்தகம் கக்கும் மஞ்சள் நெருப்பு நிலா. எதிர்த்துப் பேசியதற்கு வந்தது, மற்றவை சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றியது. சைக்கிள் கடைக்காரனைப் பார்த்தாள் என்ற சந்தேகத்துக்கு ஆரஞ்சுப் புகை மூடிய பெரியது ஒன்று. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியவில்லை. காரணமே இல்லாத நாட்களில் உருளைக்கிழங்கு மாதிரி கோணல் கற்கள் வந்தன. அவைதான் ஜாஸ்தி. சயின்ஸ் வாத்தியார் மூர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து, வியாழனுக்கும் சனிக்கும் இப்படித்தான் ரகரகமாய் உண்டு என்று ஸ்கேலால் தொட்டுக் காட்டினார். தனத்தின் வீங்கிய கன்னம் பாடத்தில் இல்லை.

மாமியார் காசியம்மாள் நெருப்பு நிலாமேல் சட்டியைப் பிடித்தபடி, மகனைச் சுற்றி நடந்தே சமைக்கப் பழகினாள். "ஒரு அடுப்பு பத்தலடா. சோறு லேட்டுன்னு இன்னொண்ணு போடு" என்றாள். போட்டான். அன்று சோறு நேரத்துக்கே ஆகியிருந்ததால் வெறும் கல்தான் வந்தது. மறுநாள் காசியம்மாள் அரிசியை ஒளித்து வைத்தாள். இரண்டாவது அடுப்பு வந்தது.

ஆதிமூலம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். பயணிகள் சிலரின் மண்டை உடைந்ததும் வேலை போனது. வாசலில் நுழைய முடியாமல் புழக்கடையிலேயே நின்றான். கடைசியாகக் கை ஓங்கியபோது, சுற்றிவந்த கல் ஒன்று மணிக்கட்டை முறித்தது. அத்துடன் அடி நின்றது.

அப்புறம்தான் அழுதான். தனம் மனம் இளகி, போகட்டும், முதல் அறையை மன்னித்துவிட்டேன் என்றாள். சாம்பல் நிலா பொத்தென்று விழுந்து சாக்கடைக்கு உருண்டது. அவன் ஆவலாக நிமிர்ந்தான். அடுத்ததற்கு அவள் வாயெடுக்கையில், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ரஹமத்துன்னிசா சொன்னாள்: "அவன் சம்பாரிச்சது, அவனே தூக்கினு நிக்கட்டும். நீ ஏன்மா எறக்கி வெக்கிற?"

தனம் வாயை மூடிக்கொண்டாள். பனி உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அந்தக் கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்ற வந்தவர்களுக்கு அவள் எலுமிச்சை சர்பத் விற்றாள். தேங்காய்த் துருவியை நீட்டினால் பனி தானே சீவிக்கொண்டு போகும். உப்பும் தனியாகப் போட வேண்டாம். குடித்தவர்கள், வந்தது வந்தோம் என்று அவனையும் ஒரு சுற்று சுற்றிப் போனார்கள். காசியம்மாள் செத்தபோது சுடுகாடு வரை அவனால் போக முடியவில்லை. கொள்ளியை நெருப்பு நிலாவில் பற்றவைத்துக் கொடுத்தனுப்பினான்.

"தனம், இன்னும் ஒண்ணே ஒண்ண மன்னிச்சுடுடி."

"கொழம்பு கொதிக்குதுங்க. எறக்கினு வந்து சொல்றேன்."

1989 கார்த்திகையிலும் அது கொதித்துக்கொண்டுதான் இருந்தது.