தொண்ணூறு மில்லி

மைதானத்தில் இருந்த நாற்பதாயிரம் பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, லேப் அக்கா மட்டும் ஐந்தாம் எண் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து எங்கே போகிறது, யார் உதைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத சங்கதி. அவளுக்கு இட்ட வேலை அந்தச் சட்டை ஒன்றுதான்.

பெண்கள் சர்வதேசக் கால்பந்துப் போட்டியின் லீக் சுற்றில் மூன்று ஆட்டங்கள் அந்த ஊருக்கு வந்திருந்தன. ஆட்டத்துக்கு ஆட்டம், அணிக்கு ஒருத்தி ஊக்கமருந்துச் சோதனைக்குச் சிறுநீர் கொடுத்தாக வேண்டும். கடைசிக் கால்மணி நேரத்தில் சீட்டுக் குலுக்கி எண்ணை எடுப்பார்கள். அந்த எண்காரியை அப்போதிலிருந்தே ஒரு பெண் கண்ணில் வைத்திருந்து, ஆட்டம் முடிந்ததும் கூடவே நடந்து, கழிவறைக்குள்ளும் கூடவே நின்று, புட்டியை மூடி முத்திரை வைக்கும்வரை விலகாமல் இருக்க வேண்டும். அதற்காக மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஓர் ஆள் கேட்டிருந்தார்கள்.

"யூரின் விஷயத்துல உங்களை மிஞ்ச ஆள் உண்டா?" என்று சிரித்தபடியே இவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார் லேப் சீஃப். மூன்று ஆட்டமும் சனி, ஞாயிறுகளில் வந்ததால் மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவியிருந்தார்கள். ஒருத்திக்குக் குழந்தை, ஒருத்திக்கு மாமியார். "உங்களுக்கென்னக்கா, வீட்ல போய் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக் கண்ணாடிக்காரர். தப்பாக நினைத்துக் கேட்கவில்லை. அதுதான் அவளைச் சுருக்கென்று குத்தியது.

வீட்டில் ஒன்றும் இல்லைதான். கணவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனவர், முதலில் வாரம் தவறாமல் வந்தார். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு ஏதாவது கல்யாணம், சாவு என்றால் வந்தார். அதன் பிறகு சாவுக்கும் வரவில்லை. பிரிந்துவிட்டோம் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம் "வெளியூர்ல இருக்கார்" என்று சொல்லிச் சொல்லிப் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. இரண்டாவது மாடியில், வாசல் கதவில் இன்னும் அவர் பெயர்தான் ஒட்டியிருந்தது.

முதல் இரண்டு ஆட்டங்களும் சுலபமாக முடிந்தன. இரண்டு முறையும் வேற்று மொழிக்காரிகள். ஒருத்தி பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக் கையசைத்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி காதில் பாட்டை மாட்டியவள் கடைசிவரை கழற்றவேயில்லை.

மூன்றாவது ஆட்டம் சொந்த நாட்டு அணிக்கு. தோற்காமல் இருந்தாலே போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. பிற்பகல் வெயில் கண்ணைக் கூச, வீராங்கனைகள் வெளியேறும் வழியருகே கோட்டுக்கு வெளியே நின்று ஐந்தாம் எண்ணைக் கவனித்தாள் லேப் அக்கா. தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்பவள், அணியின் கேப்டன். உயரமானவள், முடியை ஒட்ட வெட்டியவள். ஓடும்போது இடது முழங்காலைச் சற்றே காப்பாற்றிக்கொண்டு ஓடினாள்.

எண்பத்தெட்டாவது நிமிஷம். இடது ஓரத்தில் நின்றிருக்க வேண்டிய மூன்றாம் எண், பந்தைத் துரத்தி எதிர்ப்பக்கம் போய்விட்டாள். ஐந்தாம் எண் கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. வாய்விட்டுக் கத்திக்கொண்டு மறுபடியும் கையை வீசினாள். கூட்டத்தின் இரைச்சலில் அது யார் காதில் விழும்? அதற்குள் பந்து பறிபோய், காலியாகக் கிடந்த அந்த இடது பக்கம் வழியாகவே திரும்பி வந்தது. ஐந்தாம் எண் முழங்காலை மறந்து ஓடினாள். கோலுக்கு முன்னால் உருண்டு வந்த பந்தைத் தட்டிவிடக் காலை நீட்டினாள். பந்து அவள் கணுக்காலில் பட்டு, சொந்த கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் போனது.

சேம் சைடு கோல்.

நாற்பதாயிரம் பேர் சேர்ந்தாற்போல் வாயடைத்துப்போவதை லேப் அக்கா அதற்கு முன் கேட்டதில்லை. மிச்சமிருந்த நிமிஷங்கள் எப்படிப் போயின என்று யாருக்கும் தெரியாது. விசில் ஒலித்தது. எதிரணி ஒருத்திமேல் ஒருத்தியாய் விழுந்து கொண்டாடியது. ஐந்தாம் எண் கோலுக்கு முன்னால் குப்புறக் கிடந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்கள்.

அவளிடம்தான் இப்போது லேப் அக்கா போயாக வேண்டும். கையில் அட்டை, அட்டையில் படிவம். அந்தப் புல்வெளியைக் கடந்து போனதுபோல் அவள் தன் வாழ்நாளில் எந்த இடத்துக்கும் தயங்கித் தயங்கிப் போனதில்லை. பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"சோதனைக்கு உங்க நம்பர் விழுந்திருக்குங்க. என்கூட வரணும்."

முகத்தில் புல் ஒட்டியிருக்க அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவா?"

"இப்பதாங்க. ஒரு கையெழுத்துப் போடணும்."

திட்டுவாள் என்று நினைத்தாள். அவளோ சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, குழந்தைபோல் எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்து நடந்தாள். மேலிருந்து யாரோ வீசிய தண்ணீர்ப் பாட்டில் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

சோதனை அறை ஜன்னலே இல்லாத அறை. ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, சீல் உடைக்காத தண்ணீர் நிறைந்த குளிர்பெட்டி, உள்ளே ஒரு கழிவறை. மேஜையில் டாக்டரம்மா தடித்த மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "தொண்ணூறு மில்லி வேணும்மா. வந்தா சொல்லு" என்றார். சந்தைக்கடையில் எண்ணெய் அளந்து கேட்பவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

வரவில்லை. தொண்ணூறு நிமிஷம் ஓடியவள் உடம்பில் தண்ணீர் ஏது? எதிரணிப் பெண் வந்தாள், சிரித்தாள், கொடுத்தாள், போனாள். ஐந்தாம் எண் ஒரு பாட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது குடித்தாள். வெளியே நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அணி மேனேஜர் எட்டிப் பார்த்தார். உள்ளே வரவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"இன்னும் ஆகலையா? ஃபிளைட்டுக்கு நேரமாச்சு. பஸ் கிளம்பணும்."

"கிளம்புங்க சார்."

"உனக்குத் தனியா ஒரு கார் சொல்லியிருக்கேன். துணைக்கு யாரையாவது விட்டுட்டுப் போகவா?"

"யார் இருக்கேன்னாங்க?"

மேனேஜர் "பாத்துக்கங்க" என்று லேப் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் உறுமும் சத்தம் கேட்டுத் தேய்ந்து போனது. ஐந்தாம் எண் அந்தச் சத்தம் தீரும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு, "வர்ற மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே போனார்கள். விதிப்படி லேப் அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் புட்டிகளைக் கையாண்டவள்தான், ஆனால் மனுஷி முகத்தைச் சேர்த்துப் பார்த்தபடி நிற்பது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா அளவுக்கோட்டைக் கண்ணருகில் பிடித்தார்.

"ஐம்பத்தஞ்சு."

"பத்தாதா?"

"பத்தாதும்மா. இதைத் தனியா மூடி வைக்கிறேன். மிச்சத்துக்கு உட்காரு."

ஐந்தாம் எண்ணுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. "இன்னைக்கு எதுதான்க்கா எனக்கு முழுசா வந்துச்சு?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு போன வேகத்தில் முகம் கோணிக்கொண்டது. லேப் அக்கா மூன்றாவது பாட்டில் இருந்த திசையைக் கண்ணால் காட்டினாள். கையால் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதுவும் விதி.

டாக்டரம்மா டீ குடித்து வருகிறேன் என்று வெளியே போனார். அறையில் குளிர்பெட்டியின் முனகல் மட்டும் மிச்சம்.

"மேட்ச் பாத்தீங்களா?" என்றாள் ஐந்தாம் எண்.

ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று வகுப்பெடுத்து அனுப்பியிருந்தார்கள். லேப் அக்கா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "மேட்ச் பாக்கலை. உங்களைத்தான் பாத்தேன். கடைசிக் கால்மணி நேரம் உங்களை மட்டும்தான்."

"அப்ப நல்லாப் பாத்திருப்பீங்க."

"பாத்தேன். அந்த மூணாம் நம்பர் முன்னாடி போனதும், நீங்க ரெண்டு தடவை கையைத் தூக்கிக் கூப்பிட்டதும். அவங்க திரும்பவே இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நீங்க ஓடினீங்க."

ஐந்தாம் எண் பாட்டிலைக் கீழே வைத்தாள். ஆறுதல் சொன்னதாக நினைத்திருந்த லேப் அக்காவுக்கு அவள் முகத்தில் தெரிந்தது வேறு ஏதோவாக இருந்தது. பயம்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லையே."

"சொல்லாதீங்க. டி.வி.காரன் பந்தைத்தான் காட்டுவான். அவ எங்க நின்னான்னு எவனும் தேட மாட்டான். அப்படியே போகட்டும்."

"உங்க மேல தப்பில்லைன்னு தெரிய வேணாமா?"

"அவளுக்குப் பத்தொன்பது வயசுக்கா. இதுதான் முதல் போட்டி. எனக்கு முப்பத்திரண்டு, முழங்கால் வேற போச்சு. இதோட நிறுத்தப் போறவ நான். என்னை ரெண்டு மாசம் திட்டுவாங்க, அப்புறம் வேற யாராவது சிக்குவாங்க. அவளைத் திட்டினா அவ திரும்ப ஆடவே மாட்டா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன். வெளியே வரும்போது என்னைத் தாண்டித்தான் போனா." ஐந்தாம் எண் பாட்டில் மூடியைத் திருகி, திரும்பத் திறந்தாள். "என் முகத்தைப் பாக்கலை."

லேப் அக்கா "சொல்ல மாட்டேன்" என்றாள். சத்தியம் கித்தியம் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான் சொன்னாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஐந்தாம் எண்ணே கேட்டாள். "உங்களையும் வீட்ல தேடுவாங்கல்ல? என்னால லேட்டாகுது. வீட்ல யாரெல்லாம்?"

"வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அந்தப் பொய், இவ்வளவு சின்ன அறையில், இவளுக்கு முன்னால், அசிங்கமாகத் தெரிந்தது. "பதினோரு வருஷமா வரலை. இனிமே வர மாட்டார்."

"அய்யோ. உங்க ஆளுங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் கேக்கலை. கேட்டாலும் வெளியூர்னா போதும், அடுத்த பேச்சுக்குப் போயிடுவாங்க."

ஐந்தாம் எண் இவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ பாவம் என்ற பார்வை இல்லை. எதிரே ஓடி வருகிற ஒருத்தியை அளந்து பார்ப்பாளே, அப்படி. "பதினோரு வருஷம் ஒத்தையாளா தாங்கியிருக்கீங்க" என்றாள். லேப் அக்கா குனிந்து படிவத்தின் ஓரத்தைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றும் இருக்கவில்லை.

டாக்டரம்மா வந்தார். நான்காவது பாட்டில் முடிந்தது. ஆறு மணிக்கு மிச்சம் வந்தது; இரண்டையும் சேர்த்து அளந்து புட்டிகளில் ஊற்றி மூடி முறுக்கினார்கள். ஐந்தாம் எண் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கார் வாசலில் நின்றது. அதுவரையில்தான் லேப் அக்காவின் வேலை. ஏறப் போனவள் திரும்பி, "வர்றேன்க்கா" என்றாள். எங்கே வரப் போகிறாள்? இருந்தாலும் லேப் அக்கா தலையாட்டினாள். கார் போன பிறகும் காலி மைதானத்தின் வாசலில், அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுநாள் மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு அறையின் ஓரத்து மேஜை அவளுடையது. நடு மேஜையில் எல்லாரும் ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். இவளை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அன்று கண்ணாடிக்காரர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே இவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்கதானே நேத்து அவகூட இருந்தீங்க? அந்தச் சேம் சைடு மகராசிகூட?"

அவ்வளவுதான். நாற்காலிகள் இழுபடும் சத்தம். ரத்தப் பிரிவிலிருந்து இரண்டு பேர், எக்ஸ்ரேக்காரர், நர்ஸ்கள் மூவர். ஒருத்தி தன் டப்பாவிலிருந்து ஒரு பங்கை எடுத்து இவள் மூடியில் வைத்தாள். "அழுதாளாக்கா?" "வாங்கின காசுக்குத்தான் அடிச்சான்னு சொல்றாங்களே, மூஞ்சியைப் பாத்தா எப்படி இருந்துச்சு?" "நீங்க உள்ளேயே நின்னீங்களாமே?" ஏழு முகங்கள் இவளைப் பார்த்தன. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இன்று மட்டுமல்ல, இந்த வாரம் முழுக்க அவர்கள் இந்த மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. வாய்வரை வந்தது.

"தண்ணி குடிச்சாங்க" என்றாள் லேப் அக்கா. "நாலு பாட்டில்."

"அப்புறம்?"

"அப்புறம் யூரின் குடுத்தாங்க. கார் வந்துச்சு, போயிட்டாங்க."

"வேற ஒண்ணுமே பேசலையா?"

"அவங்க காசு வாங்குற ஆள் இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"இது ஒரு கதையாக்கா?" என்று கண்ணாடிக்காரர் அலுத்துக்கொண்டார். எக்ஸ்ரேக்காரர் முதலில் எழுந்தார். நர்ஸ் ஒருத்தி போனைத் திறந்து வேறு எதையோ காட்ட, பேச்சு அங்கே தாவியது. ஐந்து நிமிஷத்தில் நாற்காலிகள் எல்லாம் நடு மேஜைக்குத் திரும்பிவிட்டன.

லேப் அக்கா மூடியில் இருந்த அந்தப் பங்கைச் சாப்பிட்டாள். நன்றாகத்தான் செய்திருந்தாள் அந்தப் பெண். நடு மேஜையில் எதற்கோ எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். அவள் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.